பாவுக்கு அடியில் தவழ்ந்தேன்

எடப்பாடியில் எங்கள் நெசவுத் தெரு பாட்டன் காலத்தது. பக்கத்து ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கி, அதற்கு வண்டிப் பாதையை எங்கள் தெருவிலேயே போடப் போவதாக ஜில்லா போர்டார் சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில்தானே தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிறோம்!

அதிகாரி அளக்க வரும் காலையில், "தெருவை அடைச்சுப் பாவை விரிங்க, ஈ கூட நுழையக் கூடாது!" என்று முழங்கினேன். பாவை விரித்துக் கஞ்சியும் போட்டாயிற்று. கடைசி முளை அடிக்கக் கல்லைப் புரட்டினேன். காலில் சுருக்கென்றது.

"ஐயோ, பாம்பு!"

"பாவை அறுத்துப்போட்டு உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கட்டுங்களாண்ணா?" என்றார் எதிர்வீட்டுப் பழனியப்பன்.

அத்தனை வீட்டுப் பிழைப்பும் அந்த ஈர நூலில் இருந்தது. "வேண்டாம்" என்று அலறிக்கொண்டே அடியில் தவழ்ந்தேன். தலையெல்லாம் கஞ்சி.

"ஏனுங்க, ஈ நுழையக் கூடாதுன்னீங்க, நீங்களே நுழையறீங்களே!" என்று அழுதபடியே கேட்டாள் மனைவி.

மறுமுனையில் தலையை நீட்டினால், அளவுச் சங்கிலியோடு அதிகாரி! அவருடைய மாட்டுவண்டியில்தான் ஆஸ்பத்திரி போனேன். டாக்டர் என் கால் சுண்டுவிரலிலிருந்து ஒரு கட்டெறும்பைப் பிடுங்கிக் காட்டினார்.

பாதையை வேறு பக்கம் போடக் கேட்கும் மனுவில் இன்றும் முதல் கையெழுத்து என்னுடையதே. ஆனால் இப்போதெல்லாம் தெருவோரம் ஒரு வண்டி போக இடம் விட்டுத்தான் முளை அடிக்கிறேன். அடுத்த தடவையும் எறும்பாகவே இருக்குமென்று யார் கண்டது?