இரண்டாவது பொட்டலம்

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே இருபத்தைந்து வயதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைவெட்டி இல்லாதவன் பேச்சு என்பது என் கட்சி. நான் அப்போது சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் இருந்தேன். விடிந்து வண்டிகள் வந்து நின்றதிலிருந்து மத்தியானம் வரை ஏலம் கூவிக் கத்திக்கொண்டே இருக்கிற வேலை. கத்திக் கத்தி எனக்குச் சாதாரணமாகப் பேசுவதே மறந்துபோயிருந்தது. கோச்சடையில் எங்கள் வீட்டில் நான் குழம்பு கேட்டால் அடுத்த தெருக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட என்னைப் பிடித்து உட்கார வைத்தவன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதன். பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னைக்குப் போய்த் தத்துவம் படித்து பி.ஏ. வாங்கிக்கொண்டு வந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் படிப்புக்கு யார் வேலை கொடுத்தார்கள்? அப்பாவின் சாயப்பட்டறையில் நூல் பிழிந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைகை மணலில் உட்கார்ந்து, படித்ததை எங்கள் நாலைந்து பேருக்குச் சொல்கிறேன் என்றான். நான் போனதே அவனை மடக்கத்தான்.

முதல் நாள் அவன் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணலைத் தட்டிக் காட்டி, "இது என்ன மாப்ள?" என்றான்.

"ஆறு. கண்ணு தெரியலையா?"

"தண்ணியே இல்லையே. எத வச்சு ஆறுங்குற?"

"மழை பேஞ்சா வரும்ல."

"மழை பேஞ்சா எங்க தெருவுலயுந்தான் ஓடுது. அது ஆறா?"

"டேய், ரெண்டு பக்கமும் கரை இருக்குடா."

"கண்மாய்க்கும் கரை இருக்கே" என்றான் சாவகாசமாக.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று வந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த மணலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் அங்கே யாரும் போய்ச் சேரவில்லை.

ஒவ்வொரு வாரமும் இப்படி ஒன்று. கனவில் பட்ட அடி வலித்ததே, அது பொய்யா? எல்லாம் தலையில் எழுதியபடிதான் என்றால் திருடனை எதற்குப் பிடித்து உள்ளே போடுகிறோம்? ஒன்று நல்லது என்று யார் சொன்னால் நல்லது? எல்லாவற்றுக்கும் கடைசியில் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அது உனக்கு எப்படித் தெரியும்?" அதை நான் மண்டியில் எடுத்து வீச ஆரம்பித்தேன். "இந்த மூட்டை அழுகல்" என்று எவனாவது சொன்னால், "எப்படித் தெரியும்?" என்பேன். அவன் ஒரு வெங்காயத்தை என் மூக்கில் வைத்துத் தேய்க்காத குறை.

வீட்டில் இதையெல்லாம் நான் சாப்பிடும்போது அளப்பதைக் கேட்க ஒரே ஆள் என் தங்கச்சி. எட்டாங்கிளாஸ் தேறியிருந்தாள். பதினேழு வயது. அவள் பேச்சு குறைவு. நான் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன். மறுநாள் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, "அண்ணே, நேத்து சொன்னீகளே, அதுல ஒரு இடம் இடிக்குது" என்பாள். எனக்கு அந்தக் கேள்வியே மறந்திருக்கும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. டவுனில் பெண்களுக்கான உபாத்தியாயினி பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் வெளியே தங்கிப் படித்ததில்லை. அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "ஊரான் எவனாச்சும் ஒண்ணச் சொல்லி ஏமாத்திப்புட்டா? பொம்பளப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "அம்மங்கிட்டக் கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணமா, கிணறு வெட்டுவதா, எதற்கும் பூப்போட்டுப் பார்ப்பதுதான். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அதை அப்படியே ஆற்று மணலில் போட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். அன்று நான் மணலுக்குப் போகவில்லை. பொட்டலம் கட்டியது எங்களைப் பெற்ற ஆத்தா. தங்கச்சி முகத்தில் ரத்தமே இல்லை. இவள் படிப்பை ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் தீர்மானிப்பதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஊருக்கெல்லாம் "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற எனக்கு அப்பாவிடம் கேட்க நாக்கு எழவில்லை.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஆத்தா "தாயே!" என்று கும்பிட்டாள். நான் குதிக்காததுதான் பாக்கி. அப்பா பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்று திரும்பினோம். தங்கச்சி மட்டும் நகரவில்லை. குனிந்து அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து, நாரை அவிழ்த்தாள்.

அதிலும் வெள்ளை.

"அடிப்பாவி!" என்று கத்தினார் பூசாரி. "அம்மனையே ஏமாத்திப்புட்டீகளே! யாரு கட்டுனது?"

"நாந்தான்" என்றாள் ஆத்தா. தலை குனியவில்லை. "எம்புள்ள படிக்கட்டும்னு கட்டுனேன். அம்மனும் பொம்பளதான, அவளுக்குப் புரியும்."

"வேற பூ வச்சு மறுபடி கட்டிப் போடுங்க" என்றார் பூசாரி.

"மறுபடி கட்டச் சொன்னா மறுபடியும் ரெண்டுலயும் வெள்ளதான் வைப்பேன், சாமி."

அப்பா முகம் கறுத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தங்கச்சியை அறையலாம் போல எனக்கு வந்தது. கையில் வந்து விழுந்ததை இப்படியா ஒருத்தி தட்டிவிடுவாள்? அப்பா ஆத்தாவை விட்டுவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"பெறகு எதுக்குப் பிரிச்ச? வெள்ளதான வந்துச்சு? பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவள் கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "செவப்பு வந்திருந்தா மனசு கேக்காம, ரெண்டும் செவப்போன்னு அடுத்ததையும் பிரிச்சுப் பாத்திருப்பேன்ப்பா. வெள்ள வந்துருச்சுன்னு பாக்காம விட்டா, அது என்ன நாயம்?"

மணலில் உட்கார்ந்து இத்தனை வாரம் நாங்கள் வாய் வலிக்கப் பேசியதை இவள் ஒரு நாரை அவிழ்த்துச் செய்து முடித்திருந்தாள். அவள் என் தங்கச்சி என்று அந்த இடத்தில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார்.

"எவனாச்சும் ஒன்ன ஏமாத்திப்புடுவான்னு இம்புட்டு நாளும் பயந்துக்கிட்டுக் கெடந்தேனே" என்றார். "ஒன்ன எவன் ஏமாத்த முடியும்?"

இதுவரை பூசாரியிடம் கேட்டிருந்தார், சோசியரிடம் கேட்டிருந்தார், அம்மனிடமும் கேட்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் இன்னும் கேட்கப்படாத ஆள் ஒருத்தி அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ சொல்லு தாயி" என்றார். "என்ன செய்யப் போற?"

"நாளைக்குப் போறேன்ப்பா" என்றாள்.