தூரிகை துடைத்த சுவர்

எங்கள் அக்காவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது என்று அம்மா சொல்வாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அழுதிருப்பாள். பிடிவாதம் பிறகு வந்தது, பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தபோது.

அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய படம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு, வீட்டுக்குப் போக வளைந்த பாதை. அக்கா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாள் முழுக்க ஒரே நிறத்தைப் பூசச் சொன்னாள். "ஆனா ரெண்டு இடம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது" என்றாளாம். பெற்றோர்கள் கொதித்துப்போய் வந்தார்கள். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "மலையும் சூரியனும் உங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமே பண்ணல மேடம். அதுதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வந்தவள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டுப் பின்னறைதான் அவளுக்கு எல்லாமே. அவள் படம் போடும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் எரிச்சல் வரும். பலகையில் ஒரு நிறத்தைப் பூசுவாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பாள். மேலே இன்னொரு நிறம். மறுபடியும் தேய்ப்பு. மாதக்கணக்கில் இப்படியே போய், கடைசியில் சாம்பலா நீலமா என்று சொல்ல முடியாத ஒன்று மிஞ்சும். அதில் மரம் இருக்காது, மாடு இருக்காது, மனிதன் இருக்கவே மாட்டான். அவற்றை நூலக வராந்தாவில் ஒருமுறை வைத்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லையா என்று கேட்டவர்களே அதிகம்.

அதோடு விட்டாளா? எங்காவது ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு ஜன்னலும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதைக் கம்பியிலேயே எழுதிவிட்டு, கிரில்லைக் கேட்டு வாங்கிவருவாள். அவற்றையெல்லாம் அதே உயரத்தில் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். சுவரே இருக்கக் கூடாது. ஜன்னல்களுக்கு நடுவே ஆட்கள் நடக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. நான் புது கிரில் செய்து விற்றுப் பிழைக்கிறவன். என் பட்டறையில் பாதி இடத்தைப் பழைய கிரில்களால் அடைத்து வைத்துவிட்டாள். வாயைத் திறக்காமல் கொக்கிகளைப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

அவ்வளவையும் தொங்கவிட ஊரில் இருந்த உயரமான இடம் பெரிய கலைக்கூடம் ஒன்றுதான். அதற்காக நடையாய் நடந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார்கள்.

இப்போது சுவருக்கு வருகிறேன். பின்னறையில் ஒரு தடுப்புச் சுவர். வேலை செய்யும்போது அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டித் தூரிகையை அந்தச் சுவரில் துடைப்பாள். வருஷக்கணக்காக அப்படித் துடைத்து, சுவர் முழுக்க நிறங்கள் ஏறிவிட்டன. "துணியில தொடைச்சா கை தேஞ்சிடுமாடி?" என்று அம்மா தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். உறவுக்காரர்கள் வந்தால் அந்தச் சுவரில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறைப்பாள்.

ஒருநாள் கலைக்கூடத்துப் பொறுப்பாளர் ஒருவழியாக வீட்டுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியை எந்நேரமும் தலையில் ஏற்றி வைத்திருப்பார், அதனால் நாங்கள் வைத்த பெயர் தலைக்கண்ணாடி. அக்கா பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். போகத் திரும்பியவர் சுவரைப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அது நான் பிரஷ் தொடைக்கிற இடம் சார்."

"அதான் விஷயமே! எந்தக் கட்டுப்பாடும் இல்லாத கை. இதுதாம்மா உங்க பெரிய படைப்பு."

கூடத்தைத் தருவதாகச் சொன்னார். சுவரை அப்படியே அறுத்தெடுத்து நட்டநடுவில் நிறுத்திவிடலாம். "ஜன்னலெல்லாம்?" என்று கேட்டாள் அக்கா. "அதை நடையில சாய்ச்சு வெச்சுக்கலாம். தொங்கவிடுறதெல்லாம் இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சுவரைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும் என்று என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வெல்டிங்கை ஆரம்பித்துவிட்டேன். அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். படுக்கை விரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். "எம்பொண்ணு தொடைக்கிறதே தனி அழகு" என்றாள். திட்டிய வாயா இது என்று அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா மட்டும் சாப்பிடாமல் கொள்ளாமல் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் மனதில் இருந்ததை மறைக்காமல் கேட்டுவிட்டேன். "கோவிச்சுக்காதக்கா. எனக்கும் அந்தச் சுவர்தான் அழகா தெரியுது. அதைக் குடுத்தா என்ன?"

"அழகாத்தான்டா இருக்கு. யார் இல்லேன்னா? ஆனா பலகையில ஒவ்வொரு இடத்துலயும் இது வேண்டாம், இது வேண்டாம்னு நான் சொல்லியிருக்கேன். கடைசியா இது இருக்கட்டும்னு விட்டிருக்கேன். அந்தச் சுவர்ல நான் ஒண்ணுமே சொல்லலடா. திரும்பிக்கூடப் பாக்கல."

"கூடம் கிடைக்குதே."

"சுவருக்குக் கிடைக்குது. எனக்கில்ல."

மறுநாள் தலைக்கண்ணாடி சுவர் அறுக்கும் ஆட்களோடும் மெஷினோடும் வந்து இறங்கினார். நான் சட்டத்தை வண்டியில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா நைட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு கையில் ரோலரோடு நிற்கிறாள். சுவர் வெள்ளை வெளேர் என்றிருக்கிறது. ஒரு மூலைதான் பாக்கி.

"என்னம்மா பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினார் தலைக்கண்ணாடி.

அக்கா அந்த மூலையையும் நிதானமாகப் பூசி முடித்தாள்.

"சுவர் ரொம்ப அழுக்கா இருந்துச்சு சார். எங்கம்மா பல வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"இனி கூடம் உங்களுக்குக் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும். ஜன்னலைப் பாக்கணும்னா தம்பி பட்டறைக்கு வாங்க. காப்பி தர்றோம்."

அவர் வரவில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தவள், அன்றிலிருந்து அக்காவோடு பேசவில்லை. எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள் பாருங்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அக்கா என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லலாம் போலிருந்தது.

சுவருக்காகச் செய்த சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். என் பட்டறைக் கூரை தாழ்வுதான், உயரத்து ஜன்னல்கள் கூரையைத் தொட்டுவிடும். இருந்தாலும் கம்பிகளைக் குறுக்கே பற்றவைத்து, மெஷின்களை வெளியே தள்ளிவிட்டு, ஜன்னல்கள் அத்தனையையும் அவள் எழுதிவைத்த உயரத்திலேயே தொங்கவிட்டோம். வெளிச்சத்துக்கு ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டோம். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் விலை கேட்டார்கள். சிலர் உள்ளே வந்து, ஜன்னல்களுக்கு நடுவே பேசாமல் நடந்துவிட்டுப் போனார்கள்.

அம்மா அக்காவோடு பேசாவிட்டாலும், ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு சின்ன கிரில்லுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். எக்கினாள். எட்டவில்லை.

"இதென்னடி இவ்வளவு உசரத்துல?"

"அந்த வீட்டு சமையக்கட்டுல அது அங்கதாம்மா இருந்துச்சு."

"அப்போ அந்த வீட்டுக்காரி எப்படி வெளிய பாத்தா?"

இத்தனை வருஷத்தில் அம்மா எத்தனையோ கேட்டிருக்கிறாள். எப்போது கல்யாணம் செய்துகொள்வாய், எப்போது வேலைக்குப் போவாய், எப்போது சுவரைச் சுத்தம் செய்வாய். அக்கா செய்த ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"தெரியலம்மா. பாத்திருக்கவே மாட்டாளோ என்னவோ."

அம்மா மறுபடியும் எக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த ஸ்டூலைக் கொண்டா."

ஸ்டூலைப் போட்டேன். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.