ரகுபதி வீட்டுச் சுக்குப்பால்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ரகுபதி வேட்டி கட்டுவது போகியன்று மட்டும்தான். மற்ற நாட்களில் எண்ணூர் சாலையில் லாரி எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுவார். மீனவர் வீட்டுப் பிள்ளை; ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். அந்தக் குறையைச் சுக்குப்பாலால் மறைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தாத்தா ஒரு கப்பல் கேப்டனிடம் கற்ற பக்குவமாம் அது. ஒரு வருஷம் கேப்டன் டச்சுக்காரர். மறு வருஷம் போர்ச்சுக்கீசியர். “மூணு தலமொறயா எங்க வூட்ல போகின்னா இதான் மாமு” என்று கரண்டியால் கிண்டியபடி சொல்வார். தெருவே டம்ளரோடு நிற்கும்.

சுக்கைத் தட்டுவது, மிளகை வறுப்பது, கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டுவது, பாலை இறக்கிச் சூடு தணிந்த பிறகு பாகை ஊற்றுவது எல்லாம் அவர் மனைவி மங்கை. அவர் கரண்டியைத் தொடும்போது வேலை முடிந்திருக்கும்.

போன வருஷம் போகிக்கு நான்கு நாள் முன்பு மங்கை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

“இந்த வாட்டி வேணாம்யா” என்றாள்.

“பரம்பர இன்னா ஆவறது?”

“அப்ப நீயே காச்சு.”

காய்ச்சினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கொதிக்கிற பாலில் கருப்பட்டியை அப்படியே உடைத்துப் போட்டார். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. அதன் மேல் சுக்குப்பொடியைக் கைநிறைய அள்ளிக் கொட்டினார். மங்கை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் டம்ளர் எதிர்வீட்டுப் பச்சையம்மாவுக்கு.

“இன்னா ரகுபதி, பால் திரிஞ்சி கீது? பல்லுல மண்ணு வேற.”

“அது அப்டித்தான் இருக்கணும். கேப்டன் பக்குவம்.”

“அந்த கேப்டன் இத்த குட்ச்சித்தான் செத்தானா?”

தெரு சிரித்தது. ஆளாளுக்குச் சாக்கடையில் ஊற்றினார்கள். ரகுபதி முகம் கறுத்தது. “நான் இன்னா பண்றது? இவ கலீஜ் கருப்பட்டியா வாங்கி வச்சிகீறா” என்று மனைவியைக் காட்டினார்.

மங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இருபத்தோரு வருசமா இத்த காச்சறது நானு. காத்திவாக்கத்துல எங்கம்மா கிட்ட கத்துகினது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப உங்க வூட்ல போகிக்கு ஒரு டீ கூட போட மாட்டாங்க. கேப்டனாம், கேப்டன்!”

ரகுபதி பாத்திரத்தைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

இந்தப் போகிக்கு மங்கை பச்சையம்மா வீட்டு வாசலில் அடுப்பு வைத்தாள். தனக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு ஆகாது என்று ரகுபதி ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஏலக்காய் வாசம் வந்ததும் வியாதி போய்விட்டது. பழைய பேண்டோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

மங்கை ஊற்றினாள். “குட்ச்சிட்டு டம்ளர கழுவி வையி” என்றாள்.

குடித்தார். கழுவவில்லை. படியிலேயே வைத்துவிட்டுப் போனார், ஈ மொய்த்தது.