மஞ்சள் டப்பாவுக்குள் ஒரு நூல்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். யாராவது என்னைப் பாராட்டினால், அடுத்து என்ன கேட்கப் போகிறாரோ என்று பார்ப்பேன். யாராவது சும்மா இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பேன். இந்தப் புத்தியோடுதான் அறுபதுகளின் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டேன். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றைத் தறி போட்டுப் பட்டு நெய்ததும் இதே புத்தியோடுதான்.

நாங்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து மிதித்து, அடித்து நெய்பவன் நான். ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பவள் என் மனைவி. சேலை நன்றாக வந்தால் "என் கை" என்பேன். எங்கேயாவது பிசகினால் "உன் கவனம் எங்கே?" என்பேன். அய்யம்பேட்டையில் இருந்த என் அண்ணனின் கையைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். என் கையை மெச்ச ஆளில்லாததால் நானே மெச்சிக்கொண்டேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்குத் தறி, அதில் கட்டிய பாவு நூல், பெண்டாட்டி எல்லாமே கோணல்.

ஒரு வருஷம் வைகாசியில் அண்ணன் புதிதாக ஒரு தறி போட்டார். ஒத்தாசைக்கு ஆறு நாள் அங்கே போனேன். எங்கள் தறியில் சேலை பாதியில் நின்றது. கருட சேவைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். அதனால், நான் இல்லாத நாட்களில் செய்வதுபோல என் இடத்தில் அவள் உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டுப் பெண் ஓரத்தைப் பார்த்துக்கொண்டாள். நான் திரும்பி வந்ததும் அந்தப் பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க ஊட்டுக்காரிக்கு நல்ல கைங்க. அடி ஒவ்வொண்ணும் எண்ணி வச்சாப்ல விழுது."

என் மனைவி தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போய் என் இடத்தில் உட்கார்ந்து, மிச்சத்தை நெய்து முடித்தேன்.

பாவு கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கும் முதலாளி சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓர் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அடி சரியாக விழாமல் நெசவு நெகிழ்ந்திருந்தது.

"இன்னாப்பா இது, சல்லடையாட்டம் இருக்குது?"

நான் யோசிக்கவே இல்லை. "ஆறு நாள் நான் ஊர்ல இல்லீங்க முதலாளி. அவதான் நெய்ஞ்சா."

"அப்ப இனிமே அவங்கள நடுவுல உக்கார வைக்காத" என்று சேலையை என்னிடமே திருப்பித் தந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "என் தப்பாத்தான் இருக்கும்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் விட்டிருப்பேன். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாளே, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு கட்டி அவளையே கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். மஞ்சள் டப்பாவைத் திறந்து எதையோ எடுத்துப் பார்த்தாள், மறுபடி உள்ளே போட்டு மூடினாள்.

அவள் தண்ணீருக்குப் போனதும் டப்பாவைத் திறந்தேன். மஞ்சள் கிழங்குக்கு அடியில் சுருட்டி வைத்த நீளமான நூல், அதில் இரண்டு முடிச்சு. அதற்கும் கீழே இன்னும் ஐந்தாறு நூல், எல்லாவற்றிலும் முடிச்சு. எனக்கு வியர்த்துவிட்டது. போன மாதம் கூரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் வந்தவள் யாரிடமோ மந்திரித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் கை விளங்காததற்கும் இதுதான் காரணம் என்று தோன்றியதும், பயத்துக்கு நடுவிலும் ஒரு நிம்மதி வந்தது.

குடத்தோடு வந்தவளை வழியிலேயே மறித்தேன். "இன்னாடி இது? யாருக்கு வச்சிருக்க?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சேலையைப் பாயில் விரித்து, கரையை ஒட்டி நூலை நீட்டி வைத்தாள். சேலையும் நூலும் ஒரே நீளம்.

"இந்த முடிச்சுலேருந்து அந்த முடிச்சு வரைக்கும் நான் நெய்ஞ்சது. நடுவுல உக்காரும்போதெல்லாம் அளந்து போட்டு வைப்பேன்."

இரண்டு முடிச்சுக்கும் நடுவில் நெசவு பலகையைப் போல அழுத்தமாக இருந்தது. நெகிழ்ந்த சாண், இரண்டாவது முடிச்சைத் தாண்டி இருந்தது. ஊரிலிருந்து வந்த அன்று, அவள் சிரிப்பை நினைத்துக் கறுவிக்கொண்டே நான் நெய்த இடம் அது.

அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. "என்னை மாட்டி வைக்கத்தானே இதெல்லாம்?"

"உங்களுக்குக் காட்டறதுக்கு இல்லீங்க" என்றாள். "நீ பண்ண, நீ பண்ணன்னு சொல்லிக்கினே இருந்தா, நாந்தான் பண்ணேன்னு எனக்கே தோணிடுது. அதுக்குத்தான் எடுத்துப் பாத்துக்குவேன்."

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல மூன்று நாள் ஆனது. அவர் சிரித்தார். "பொண்டாட்டிய காப்பாத்துறியாப்பா? நல்ல மனசு உனக்கு" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. செய்யாத நல்லதற்குப் பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அவளை நடுவில் உட்காரச் சொன்னேன். நான் ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு?" என்றாள்.

நான் மற்றவர்களைப் பார்க்கும் அதே பார்வை. அதை அவளுக்குப் பழக்கியது நான்தான். சந்தேகமில்லாமல் என் கைவேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்தப் பார்வை ஒன்றுதான் இருந்தது.