நாலாவது கோப்பை

என் மச்சாள் வீட்டுக் கோப்பைகளை நான்தான் கழுவினேன். நாலு கோப்பை. இதை நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. பொலிசில் சொன்னேன், ஊர் அலுவல் பார்க்கிற விதானையாருக்குச் சொன்னேன், கோயிலடியில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொன்னேன். காகிதத்தில் மட்டும் அது மூன்று என்று கிடக்கிறது. பதினொரு வருசமாக மூன்று என்றே கிடக்கிறது.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். நான் சொல்ல இன்னொருவர் எழுதினால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்தது போதும்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையும் தாண்டி, வயல் பக்கம். மச்சாளின் தாயும் என் தகப்பனும் உடன்பிறந்தவர்கள். அவள் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு. அந்தக் கடப்பை ஒருநாளும் நாங்கள் மூடியதில்லை. வீடு அவளுக்குத் தாய்வழி வந்தது. பிள்ளை இல்லை. அவளும் புருசனும், கலியாணம் கட்டாத அவளுடைய தங்கச்சியும் அதில் இருந்தார்கள்.

மச்சாள் குசினி விசயத்தில் பொல்லாதவள். குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அடுத்த வேலை. என் குசினிக்குள் வந்தால் வாய் சும்மா இராது.

“என்னகா இது, எலிக்குக் கலியாணம் வச்சிருக்கியா? சட்டியெல்லாம் சபையில இருக்கு” என்பாள்.

“உன்ர குசினியில எலி பட்டினி கிடந்து இஞ்ச வந்திற்று மச்சாள்” என்பேன் நான்.

அப்படித்தான் எங்கள் நாள் போனது.

அன்று நெல் வெட்டிச் சூடடிப்பு முடிகிற நேரம். வட்டையில் பாதி வயல் வெறுமையாகிவிட்டது. விடிந்து நல்ல வெயில் வந்த பிறகும் மச்சாள் வீட்டுக் கன்று கத்திக்கொண்டே இருந்தது. பால் கறக்கவில்லை, கன்றை அவிழ்க்கவில்லை. இது என்ன புதினம் என்று கடப்பால் போனேன். புருசன் வாசலில் கிடந்தார். மச்சாள் உள்ளே. தங்கச்சி பின் விறாந்தையில். மூவருக்கும் வெட்டுக்காயம். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அவர்கள் கிடந்த கோலத்தை ஊர் பார்க்கக் கூடாது என்று கொடியில் கிடந்த சீலைகளை எடுத்து மூடினேன். பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது. றோட்டால் போன ஒருவர் விதானையாரிடம் ஓடினார்.

அந்த இடைநேரத்தில் நான் குசினிக்குள் போனேன். இங்கேதான் எல்லாரும் என்னைப் பிடிக்கிறார்கள். ஏன் போனாய், ஏன் தொட்டாய் என்று. சாவீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் எட்டிப் பார்ப்பது குசினியைத்தான். அழுதுகொண்டே பார்ப்பார்கள். பிறகு ஒரு வருசத்துக்கு அதைக் கதைப்பார்கள். மச்சாளின் குசினியில் எச்சில் கோப்பை கிடந்தது என்று ஒரு சொல் ஊரில் எழும்ப நான் விடுவேனா? அவளுக்கு இனிச் செய்ய என்னிடம் வேறு என்ன இருந்தது?

பலகையில் நாலு கோப்பை இருந்தன. நீலப்பூப் போட்ட வெள்ளைக் கோப்பைகள். மூன்று வெறுமை. நாலாவதில் பாதித் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை பிடித்திருந்தது. அதைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். சாம்பல் போட்டு நாலையும் தேய்த்தேன். கழுவிக் கவிழ்த்தேன், அவள் வைக்கிற மாதிரியே, காது எல்லாம் ஒரே பக்கம்.

பொலிஸ் மத்தியானம் வந்தது. எழுதிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சருக்குச் சிங்களம் தெரியும் என்பதால் அவரைப் பக்கத்தில் இருத்தினார்கள். அவர் எங்கள் ஆள்தான், என் ஒன்றுவிட்ட தங்கையின் புருசன். நான் சொல்வேன், அவர் சொல்வார், அதிகாரி எழுதுவார்.

“கோப்பைய ஏன் கழுவினயாம் எண்டு கேக்கிறார் அக்கா” என்றார் மனேச்சர்.

“கழுவாம விட்டா அவள ஆர் மதிக்கிற? அதச் சொல்லு.”

அவர் ஏதோ சொன்னார். நான் சொன்னது அது இல்லை என்று அதிகாரியின் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. “எத்தனை கோப்பை” என்று கேட்டார்கள். நாலு என்றேன். விரலையும் மடக்கிக் காட்டினேன். கடைசியில் அதிகாரி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார், பெருவிரல் வைக்கச் சொல்லி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேனையை வாங்கி, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தச் சிங்கள எழுத்தில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கைநாட்டு வைக்கிற பொம்பிளை நான் இல்லை.

மூன்றாம் நாள் மாட்டுப் பட்டிக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் கிரான் பக்கத்து ஆள். எங்கள் ஊர் ஓரத்தில் பெண்ணெடுத்து, பெண் வீட்டோடு இருக்கிறவர். ஊரவரின் மாடுகளை வட்டைக்கு அங்கால் பட்டியடைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் விடிய மச்சாள் வீட்டிலும் என் வீட்டிலும் வந்து பால் கறந்து தருவார். அன்றைக்கு அவர் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்தாராம். காய்ச்சலுக்குச் சாட்சி பெண்சாதி மட்டும். வீட்டில் மூன்று பேர், கோப்பை மூன்று, அப்படியென்றால் விருந்தாளி வரவில்லை, ஒளித்து வந்தவன்தான் வெட்டியிருக்கிறான் என்று பொலிசில் கணக்குப் போட்டார்களாம், இது எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. வளவின் மூலை முடுக்கு தெரிந்தவர், கத்தி வைத்திருக்கிறவர், ஊருக்கு வந்தேறி. வேறு என்ன வேண்டும்? ஒரு வருசத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, வழக்கில்லை என்று விட்டார்கள். ‘விட்டுவிட்டார்கள்’ என்றால் ‘அவர் இல்லை’ என்று எங்கள் ஊரில் யாரும் எடுக்கவில்லை. மாடு ஒப்படைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான் வாங்கவில்லை.

இந்த வருசம் வரைக்கும் காகிதத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. பட்டிக்காரரின் இளைய மகளுக்கு வெல்லாவெளியில் ஒரு இடம் பேசினார்கள். நல்ல பிள்ளை, தையல் படித்தவள். மாப்பிள்ளையின் தாய் விசாரிக்க வந்தவர், நேராக என் கடப்பால் நுழைந்தார்.

“மாமி, நீங்கதானே முதல் கண்ட ஆள். உண்மையச் சொல்லுங்க. அவர் செய்தவரா?”

“இல்ல புள்ள. ஆரோ வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கு. நாலு கோப்பை.”

“மூணு எண்டு நீங்களே ஒப்பம் வச்சிரிக்கிறீங்களாமே. எங்கட ஒருத்தர் அந்தக் காயிதத்தப் பாத்தவர்.”

அந்தப் பெண் எழும்பும்போது சொன்னார், “பொலிசில அத மாத்தி, இவரில்ல எண்டு ஒரு வரி எடுத்துத் தந்தா நாங்க வாறம் மாமி. எனக்கு அந்தப் புள்ளையப் பிடிச்சிரிக்கு. எங்கட ஆக்களின்ர வாயத்தான் மூட ஏலாது.”

மூன்று தரம் பொலிசுக்குப் போனேன். முதல்தரம் பெரியவர் இல்லை. இரண்டாம்தரம் பழைய காகிதக் கோவையைத் தேடவேண்டும் என்றார்கள். மூன்றாம்தரம் ஒரு இளம் அதிகாரி இருத்திக் கதைத்தார். தமிழ்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. தூசி பிடித்த கோவையைத் திறந்து, நான் அன்றைக்குச் சொன்னதாக எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தார். மூன்று கோப்பை.

“நான் நாலு எண்டு சொன்னன் மகன்.”

“அப்ப ஏன் அம்மா கையெழுத்து வச்சீங்க? கைநாட்டு வச்சிருந்தா வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் வைப்பிச்சிருப்பாங்க. கையெழுத்து வச்சபடியா, நீங்க வாசிச்சு விளங்கித்தான் வச்சதெண்டு எடுத்திருப்பாங்க.”

மனேச்சர் செத்து நாலு வருசம். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று கோப்பைதானே என்று அவராக நினைத்துச் சொன்னாரா, எழுதியவர் அப்படி எழுதினாரா, இல்லை, நாலாவது கோப்பையில் குடித்தது யார் என்று மனேச்சருக்குத் தெரிந்திருந்ததா? சுடலையில் போய்க் கேட்க ஏலாது. அந்தக் குசினியில் இருந்து தேத்தண்ணி குடிக்கக்கூடியவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். செத்தவீட்டில் என்னோடு கட்டிப்பிடித்து அழுதவர்கள். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். பார்த்து என்ன கண்டேன்? ஒன்றுமில்லை.

“சரி, புதுசா எழுது மகன். நாலு எண்டு எழுது.”

அவர் பேனையை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். “அம்மா, நாலு எண்டு மாத்தினா அவருக்குத்தான் இன்னும் பிழை. விடிய வந்து பால் கறக்கிற ஆள் அவர். தேத்தண்ணி குடுத்திருப்பாங்க. நாலாவது அவர்ர கோப்பைதானே எண்டு கேப்பாங்க.”

“அது அவர்ரது இல்ல.”

“எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்பிடி அம்மா?”

எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. “தெரியும் மகன்” என்று இன்னொருதரம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். பஸ்சில் வரும் வழியெல்லாம் என்னில்தான் எனக்குக் கோபம்.

இரண்டு கிழமை கழித்துப் பட்டிக்காரர் ஒரு சட்டித் தயிரோடு வந்தார். குசினி வாசலுக்கு வெளியே, எப்போதும் இருக்கிற கட்டையில் இருந்தார்.

“வெல்லாவெளிப் பொடியனுக்கு வேற இடத்தில கலியாண எழுத்து முடிஞ்சுதாம் அம்மா” என்றார். வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“மகள் என்ன செய்றாள்?”

“தைக்கிறாள். வேற என்ன செய்ற. நீங்க எனக்காகப் பொலிசுக்கு நடந்தீங்களாம். அதுக்குத்தான் தயிர்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். தாவாரத்தில் ஆணியில் ஒரு தகரப் பேணி தொங்குகிறது. என் கை தானாக அதை எடுத்துவிட்டது. இதை நான் முன்னமே எழுதியிருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அல்லாதவர்களுக்கு, கூலிக்கு வருகிறவர்களுக்கு, எங்கள் வீடுகளில் கோப்பை இல்லை. பேணிதான். வெளியில் இருந்து குடித்து, அவர்களே கழுவித் திரும்ப ஆணியில் கொழுவுவார்கள். மச்சாள் வீட்டிலும் அப்படித்தான். நீலப்பூக் கோப்பையில் பட்டிக்காரரின் வாய் ஒருநாளும் பட்டதில்லை. அவர்கள் செத்த அன்று விடியவும் அந்த வீட்டுப் பேணி ஆணியில் காய்ந்து தொங்கியது. என் கண்ணால் கண்டேன். ஒரு வெளி அதிகாரிக்கு முன்னால் எங்கள் வீட்டு வழக்கத்தை அவிழ்த்துப் போட எனக்கு வெட்கம். எனக்கு மட்டுமா? இது தெரியாத ஒரு வீடு எங்கள் ஊரில் இல்லை. ஒரு வாயும் திறக்கவில்லை. பேணிக்காரன் இல்லையென்றால் கோப்பைக்காரன் ஆர் என்ற கேள்வி வரும். அதைவிட அவர் மகள் கலியாணமில்லாமல் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் சுகம்.

பேணியைத் திரும்பக் கொழுவிவிட்டு ஒரு கிளாசை எடுத்தேன்.

“வேணாம் அம்மா” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “பேணியிலயே தாங்க. இப்ப கிளாசில தந்து பழக்கினா, பிறகு எனக்கிருக்கிற ஒரே சாட்சியும் போயிரும்.”

“பகிடி விடாத தம்பி.”

“பகிடி இல்ல. பதினொரு வருசமா ஆராவது அந்தப் பேணியச் சொல்லுவாங்க எண்டு பாத்துக்கொண்டிரிக்கன். நானே சொன்னன் பொலிசில. ‘உனக்குப் பேணியில தந்த கோவத்திலதான் வெட்டினியா’ எண்டு அடிச்சாங்க. நான் சொன்னா அப்பிடித்தான். ஊர் சொல்லோணும்.”

கிளாசில்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கட்டையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதைக் கழுவ எனக்குக் கை வரவில்லை. அன்று முழுதும் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலை பஸ்சில் திரும்பவும் பொலிசுக்குப் போனேன். அந்த இளம் அதிகாரிதான் இருந்தார். என்னைக் கண்டதும் பெருமூச்சு விட்டார், விட்டால் விடட்டும். தமிழில் எழுது என்றேன். நாலு கோப்பை என்றேன். பேணியைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், ஏன் அது ஆணியில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது.

“இதால கோவை திரும்பத் திறக்கும் எண்டு நினைக்காதீங்க அம்மா” என்றார் அவர். “கொழும்புக்கு அனுப்புவன். பதில் வருமோ தெரியா.”

“அந்தப் புள்ளைக்கு ஒரு வரி?”

“அப்பிடிக் கடிதம் குடுக்கிற வழக்கம் இல்ல.”

ஆனாலும் எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. என் பக்கம் திருப்பி, பேனையையும் நீட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்தில் விரலை வைத்தேன். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். மத்தியான பஸ் போகிற சத்தமும் கேட்டது.

“கையெழுத்து வைங்க அம்மா, நேரம் போகுது.”

“இரு மகன்” என்றேன். “நான் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல.”