நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு வேலி

என் சகலன் என்னைவிட வயதில் இளையவர். ஆனால் அவர் கட்டியது மூத்தவளை, நான் கட்டியது இளையவளை. ஆகவே முறைப்படி அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தம்பி. பாதித் தலை நரைத்த தம்பி, ஒரு மயிரும் நரைக்காத அண்ணையைப் பார்த்து வாங்கோ, இருங்கோ என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதரை வெறுக்க இதுவே போதும். பிறகு நடந்தவையெல்லாம் மேலதிகம்.

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் மாமாவின் இரும்புக்கடை. அதன் மேல்மாடியில் ஓர் அறை. சுவர்களில் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டி, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று சொல்லிக்கொண்டு மருமக்கள் இருவரும் தொழில் செய்தோம். காலையில் அவர், பின்னேரம் நான். அவர் புடைவைக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பார். நான் கோயில் பாட்டுகளுக்கு இசை சேர்ப்பேன். என் வீட்டில் அந்த வேலை நடக்காது, மதிலுக்கு அங்கால் மா அரைக்கிற மில். ஒருமுறை வீட்டிலே பதிந்த பிள்ளையார் பாட்டில் பிள்ளையாரைவிட மிளகாய்த்தூள்தான் கூடக் கேட்டது. அந்த அறை இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.

இந்த நேரத்தில் கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு கொன்ட்ரோலர் அனுப்பினான். சின்னக் கட்டைகள், எட்டுக் குமிழ்கள், ஒரு பெரிய வொலியூம். பாட்டுக்கு வேண்டிய மாற்றங்களைக் கணினித் திரையில் எலியைப் பிடித்து இழுத்து இழுத்துச் செய்யாமல், கையால் குமிழைத் திருப்பியே செய்யலாம். பெட்டிக்கு மேலே 'ரெண்டு அத்தான்மாருக்கும்' என்று எழுதியிருந்தான். நல்ல பிள்ளை. குடும்பத்துக்குள் குண்டு வைக்கிறவர்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான்.

குரலைச் சீர்படுத்த நாங்கள் இருவரும் ஒரே பிளகினை, கணினிக்குள் ஓடுகிற ஒரு துணை மென்பொருளைத்தான் பாவித்தோம். அதைத் திறந்ததும் எட்டுக் குமிழும் தாமாகவே எதையாவது பிடித்துக்கொள்ளும். முதலாவது குமிழ் பிளகினை நிற்பாட்டும். இரண்டாவது என்ன செய்கிறது என்று இன்றுவரைக்கும் தெரியாது. எந்தக் குமிழ் எதைத் திருப்ப வேண்டும் என்பதை நாமே நியமிக்கலாம், அதற்குப் பெயர் மப்பிங் என்று ஒரு காணொளியில் கண்டேன். திரையில் எதிரொலியைத் தொட்டுவிட்டு இங்கே குமிழைத் திருப்பினால் இரண்டுக்கும் தாலி கட்டியாயிற்று. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எட்டுக்கும் கலியாணம் செய்து வைத்தேன். செய்தது எனக்கு மட்டும் என்று நினைத்தேன். மென்பொருளோ அந்தப் பிளகினை ஆர் திறந்தாலும் அதே எட்டைத்தான் நீட்டியது.

அடுத்த நாள் நான் படியேறும்போதே சகலன் வாசலில் நின்றார்.

"தம்பி, ஆர் இதைக் குழப்பினது?"

"குழப்பேல்லை அண்ணை, திருத்தினனான்."

"ரெண்டாவதைத் திருப்பினால் என்ரை குரல் கிணத்துக்குள்ளை இருந்து வருது. நான் படிக்கிறது சாறி விளம்பரம், ஓய், செத்தவீட்டு அறிவித்தல் இல்லை."

"உங்கடை குரலுக்கு ரெண்டும் ஒண்டுதானே அண்ணை."

அவர் உள்ளே போய் என்னுடைய எட்டுக் கலியாணத்தையும் குலைத்து, தனக்கு வேண்டியபடி வைத்தார். பின்னேரம் நான் அவருடையதைக் குலைத்தேன். இப்படியே காலையில் ஒரு விவாகரத்து, பின்னேரம் ஒரு விவாகரத்து. மனைவிமார் இருவரும் மாமாவிடம் போய்ச் சொன்னார்கள்.

மாமா தன்னுடைய காணி எல்லைக்காகப் பக்கத்து வளவுக்காரருடன் பல வருடமாக வழக்குப் பேசுகிறவர். உலகத்தில் எந்தப் பிரச்சினையைக் கண்டாலும் அவருக்கு அது காணிப் பிரச்சினைதான். கடையிலிருந்து ஒரு கறுத்த டேப் சுருளோடு மேலே வந்தார். கொன்ட்ரோலரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எட்டு நொப். ரெண்டு பேர். உதுக்கென்ன சண்டை? இடப்பக்கம் நாலும் இளைய மருமகனுக்கு, வலப்பக்கம் நாலும் மூத்தவருக்கு." நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்திவிட்டார். "இதுதான் வேலி."

"பெரிய வொலியூம் ஆருக்கு மாமா?" என்றேன்.

"அது பொதுக்கிணறு. ரெண்டு பேரும் அள்ளலாம்."

எங்கள் பக்கத்தில் வேலி ஓரிடத்தில் நிற்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் நட்ட கதியால் தடி ஒரு சாண் அங்கால் போய் நிற்கும். கேட்டால், வேர் அப்படி இழுத்துப் போட்டுது என்பார்கள். எனக்கு நாலு போதவில்லை. எதிரொலியின் நீளத்துக்கு ஒரு குமிழ் வேண்டும். ஐந்தாவதை ஒரே ஒரு நாளைக்கு எடுத்தேன், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

"உமக்கு அஞ்சிலை என்ன வேலை?"

"வேர் ஓடிட்டுது அண்ணை."

மறுநாள் டேப் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருந்தது. ஒட்டின அடையாளம் கூட இல்லை, அவ்வளவு நேர்த்தி. நான் அதை உரித்து ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒட்டினேன். அவர் என் இரண்டாவது குமிழில் குரலைக் கரகரக்க வைக்கிற ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். நான் அவருடைய ஆறாவதை வெறுமையாக்கினேன். அவர் அதை ஒரு காலை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குமிழ் பழுது என்று கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தார். அந்தக் கிழமை எனக்கு நல்ல நித்திரை.

இதற்கிடையில் கோயிற் பாட்டு ஒன்று வந்தது. அம்பாள் பாட்டு. பாடியவர் கோயில் சபைத் தலைவரின் மகள். கொடியேற்றத்துக்கு முன்னர் கேட்டுப்பார்க்கத் தலைவர் நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார். மாமா எங்களைக் கடைக்குள் கூப்பிட்டு, தராசில் ஆணி நிறுத்தபடியே சொன்னார்:

"வெள்ளிக்கிழமை அந்த மனுசனுக்கு முன்னாலை உங்கள் ரெண்டு பேரின்ரையும் வாயிலை இருந்து ஒரு சண்டைச் சத்தம் வரப்படாது. வந்தால் அறைக்குப் பூட்டு. தையற்காரன் அறையை வாடகைக்கு எப்ப தருவியள் எண்டு நாயாய் அலையிறான்."

"சத்தம் வராது மாமா" என்றோம் இருவரும், ஒரே குரலில். வாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போன ஒரே வசனம் அது.

என் மனதில் அறைதான் இருந்தது. ஆனாலும் வியாழன் பின்னேரம் புறப்படும்போது கை சும்மா இருக்கவில்லை. சகலனின் ஏழாவது குமிழில் குரலின் சுருதியைக் கட்டிவிட்டேன். வெள்ளி வேலை என்னுடையது, அவர் ஏழைத் தொட மாட்டார், சனி காலை விளம்பரத்தில்தான் மாட்டுவார் என்பது கணக்கு. வெள்ளி காலையில் அறை அவருடைய கையில் இருந்தது என்பதை ஏனோ கணக்கில் எடுக்கவில்லை.

பின்னேரம் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, கையில் குடை. மாமா கதிரையைத் துடைத்துப் போட்டார். பாட்டு ஓடியது. தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு தம்பி. பிள்ளையின்ரை குரல் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தால் நல்லம்" என்றார்.

குரலைக் கிட்டக் கொண்டுவருவது என் மூன்றாவது குமிழ், பத்திரம் முடித்த உறுதிக்காணி. திருப்பினேன். பிள்ளை கீரிமலைக் குகைக்குள் போய்விட்டாள். இன்னும் திருப்பினேன். குகையும் தாண்டிப் போனாள்.

"இப்ப வரும் ஐயா" என்று சிரித்தேன். பின்னால் சகலன் கை கட்டிக்கொண்டு நின்றார். காலையில் அவர் என்ன செய்தார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"தள்ளும் தம்பி, நான் கிட்டக் கொண்டுவாறன்" என்று பெருந்தன்மையோடு குனிந்து தன்னுடைய ஏழாவதைப் பிடித்துத் திருப்பினார்.

அம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளையின் குரல் இறங்கி, இறங்கி, சுருட்டுக் குடிக்கிற ஒரு கிழவனின் குரலாக வந்து நின்றது.

தலைவர் கண்ணைத் திறந்தார். "என்ரை மகள் எப்ப ஆம்பிளையானவள்?"

நான் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் திறந்தது அவர்தான்.

"ஓய், என்ரை ஏழிலை ஏன் கை வைச்சனீர்?"

"என்ரை மூண்டிலை நீங்கள் கை வைக்கேல்லையோ? அம்பாள் மேலை சத்தியம் பண்ணுங்கோ!"

"வேலியை முதல் அரக்கினது ஆர்? வேரோ?"

"மூத்தவளைக் கட்டினால் மூளையும் மூத்ததெண்டு நினைப்போ?"

கடைசியாக நான் சொன்னதை மட்டும் இங்கே எழுத முடியாது. தலைவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். மாமா போய் மெயின் சுவிச்சை அமத்தினார். அந்தக் கிழவனின் குரல் பாதிச் சொல்லில் நின்றது.

பிறகு கீழே, இரும்புக்கடையில், பாகப்பிரிவினை. "மூத்தவருக்குக் கொம்பியூட்டர். இளையவருக்கு நொப் பெட்டி. அறைக்குப் பூட்டு" என்றார் மாமா. மப்பிங் எல்லாம் கணினிக்குள்ளே. அதாவது கட்டிய தாலிகள் அத்தனையும் அவருக்கு, மாப்பிள்ளைமார் எட்டுப் பேரும் எனக்கு.

வீட்டில் மனைவியின் பழைய மடிக்கணினியோடு பெட்டியைப் பொருத்தினேன். அம்பாளின் சந்தனமாக்கும் என்று மனைவி பெட்டியில் பூசி வைத்திருந்ததைத் துணியால் துடைத்தபோது, குமிழ்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தான் அமுங்கிவிட்டது. நாங்கள் இருவரும் ஒருநாளும் தொடாத பொத்தான். திரையில் 'பக்கம் இரண்டு' என்று வந்தது. எட்டுக் குமிழும் புதிதாக, வெறுமையாக நின்றன. திரும்ப அமத்தினேன். பக்கம் மூன்று. இன்னும் எட்டு. அமத்த அமத்தப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழ நிலத்துக்கு அடிபட்டவனுக்கு வன்னிக் காட்டை எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

தையற்காரன் இன்னும் மெசினைக் கொண்டுவரவில்லை. இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னால் மாமா பூட்டைத் திறப்பார். மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சகலன் வீட்டுக்கு ஓடினேன். அவர் பின்னறையில் எலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே அவருடைய நாய் விடாமல் குரைத்தது.

"அண்ணை, அதிலை பக்கம் மாத்திற பொத்தான் ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் உங்களுக்கு, ஒரு பக்கம் எனக்கு. எட்டெட்டாய் வரும்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம். வந்த முதல் கிழமையே தெரியும்."

"தெரியுமோ? அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உமக்கும் எட்டு வருமெல்லோ."

வெட்கத்தை விட்டு, "மாமாட்டை போவம் வாங்கோ. அறை போகப்போகுது" என்றேன்.

"தையற்காரன் நல்ல மனுசன், தம்பி. அவனே இருக்கட்டும்." நாயைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, எலியைக் கையில் எடுத்தார். "போகேக்கை படலையைச் சாத்திப்போட்டுப் போம்."

சாத்தவில்லை. மாடு வந்து அவருடைய வாழையைத் தின்னட்டும் என்று அகலத் திறந்துவிட்டு வந்தேன்.

இப்போது அறைக்குள் தையல் மெசின் ஓடுகிறது. மில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் வீட்டில் பாட்டுப் பதிகிறேன். எட்டுக் குமிழும் எனக்கே சொந்தம், பக்கம் பக்கமாக. ஆனால் இடப்பக்கத்து நாலைத்தான் பாவிக்கிறேன். டேப்பை உரித்த இடத்தில் பசை இன்னும் ஒட்டுகிறது. மப்பிங் எல்லாம் சகலனின் கணினிக்குள்தான் என்று தெரிந்தும், அதைத் தாண்டி ஐந்தாவதில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. அவன் அதில் எதைக் கட்டி வைத்திருக்கிறானோ.