கவரில் எழுதியிருந்தது

சபியா பீவி பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தாள். மலாய் படிப்பாள், இங்கிலீஷ் படிப்பாள், குர்ஆனைத் தப்பில்லாமல் ஓதுவாள். வீட்டில் பேசியது தமிழ்தான். ஆனால் ஒரு தமிழ் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. அங்கே அது ஒரு குறையாகவே தெரியவில்லை. முப்பது வருஷம் பரோட்டாக் கல்லோடு நின்ற புருஷன் இப்ராஹிம் ஷா, கண்ணில் புரையும் உடம்பில் சர்க்கரையுமாகத் தன் சொந்த ஊரான திண்டிவனத்துக்கே அவளைக் கூட்டிவந்த பிறகுதான், ஐம்பத்து மூன்று வயதில், அது குறையாயிற்று.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாமல் போயிற்று. வந்த புதிதில், வெளிநாட்டுக்காரி என்று பதிவு செய்ய விழுப்புரத்துக்கு அலைந்தபோது, இங்கிலீஷ் ஃபாரத்தையெல்லாம் அவளே மளமளவென்று நிரப்பினாள். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு லூர்துமேரி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து தெருவில் யாருக்கு இங்கிலீஷில் பேங்குக் கடுதாசி, செல்போன் மெசேஜ் வந்தாலும், படித்துச் சொல்லச் சபியாவிடம்தான் வரும். "அக்கா டீச்சருக்குப் படிச்சிருக்கணும்" என்பாள் லூர்துமேரி. சபியா சிரித்துக்கொள்வாள்.

ஈப்போ கிளினிக்கில் மருந்தோடு அச்சடித்த சீட்டும் வரும், மலாயில். இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் டாக்டரம்மா கோழிக்கிறுக்கலில் எழுதிக் கொடுத்த சீட்டை ஜன்னலில் நீட்டினாள். மருந்து கொடுக்கும் சுப்பராயலு மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, மேலே ஏதோ எழுதி, "புது மாத்திரைம்மா. எல்லாம் கவர்ல எழுதியிருக்கேன், பாத்துக்கோங்க" என்றான். பின்னால் நாலு கைகள் அவள் தோளுக்கு மேலே நீண்டன. "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்க வாய் வரவில்லை. பழைய மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள், பதினோரு மணி வெயிலில் இப்ராஹிம் ஷாவுக்குச் சட்டை நனைய வேர்த்தது. கை நடுங்கியது. "சபியா" என்று கூப்பிட்டவருக்கு அடுத்த வார்த்தை குழறிற்று. சத்தம் கேட்டு ஓடிவந்த லூர்துமேரி சர்க்கரைத் தண்ணியைக் கரைத்துப் புகட்டி, ஆட்டோவைப் பிடித்தாள்.

டாக்டரம்மா ஊசி போட்டு, அவர் கண் தெளிந்த பிறகு திரும்பினார். "சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கே. மாத்திரையை எப்படிம்மா குடுத்தீங்க?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"காலையில அரை மட்டும்தானே எழுதினேன்? யார் சொன்னா இப்படி?"

பெஞ்சில் பத்துப் பேர். பக்கத்தில் லூர்துமேரி.

"மருந்து குடுத்த தம்பிதான் சொன்னாரு."

சுப்பராயலுவைக் கூப்பிட்டார்கள். "இல்ல மேடம், கவர்ல தெளிவா எழுதிக் குடுத்தேன்" என்றான்.

"கவர் எங்கம்மா?"

கவர் அவள் கைப்பையில் இருந்தது. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுலயே கிழிச்சிப் போட்டுட்டேன்."

"ஒரு உயிரு போயிருந்தா யாருப்பா பதில் சொல்றது? எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கே?" டாக்டரம்மா பொரிந்து தள்ளினார்.  சுப்பராயலு சபியாவை ஒரு முறை பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினான்.

அன்றைக்குச் சாயங்காலம் கவரை எடுத்துக்கொண்டு லூர்துமேரி வீட்டுக்குப் போனாள். "இத படிச்சிச் சொல்லு."

லூர்துமேரி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் படித்தாள். "காலை மட்டும். அரை மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்." 'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. "ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றாள். கிழித்துப் போட்டதாகச் சொன்ன கவர் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சபியாவுக்கு.

மறுநாள் ஜன்னலுக்குப் போய்க் குனிந்து, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சுப்பராயலுவிடம் சொன்னாள். அவன் பட்டை கத்தரிப்பதை நிறுத்தவில்லை.

"நேத்து பத்துப் பேரு எதிர்ல திட்டு வாங்கினேம்மா. இப்ப ஜன்னலாண்ட வந்து காதுல சொல்றீங்க."

அந்த வார்த்தையோடு அவளால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. தன் முறைக்குக்கூடக் காத்திராமல் டாக்டரம்மா அறை வாசலுக்குப் போனாள். பெஞ்சு நிறைய ஆள். "டாக்டரம்மா, அந்தத் தம்பி சரியாத்தான் எழுதியிருந்தாரு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கவர் என் பையிலதான் இருந்தது. நான் பொய் சொன்னேன்." எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

டாக்டரம்மா யாருக்கோ பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா. இனிமே வாய்விட்டுக் கேட்டுக்கோங்க" என்றதோடு சரி. பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

வேறு கிளினிக்குக்குப் போகலாம் என்று லூர்துமேரி சொல்லிப் பார்த்தாள். சபியா கேட்கவில்லை. மாசாமாசம் அதே ஜன்னல்தான். சுப்பராயலு இப்போதெல்லாம் கவரில் இங்கிலீஷில் எழுதுகிறான். போதாததற்கு, எந்த மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்கிறான். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுக்குக் காது சுடுகிறது. அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறாள். முன்பு வாய்க்கு வாய் "அம்மா" என்பான். இப்போது சொல்வதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை.